போரைக் கண்ட பிள்ளைகளிடம் பத்து நாள் பணிக்குப் போகலாமா?

கரைநாணல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் 14 பேர் கொண்ட ஒரு சிறு தன்னார்வக் குழு. பதிவு பெற்ற நிறுவனம் அல்ல. சம்பளம் வாங்குபவர் எங்களில் ஒருவரும் இல்லை. போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் முகாம் ஒன்றில், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பத்து நாள் நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் மூன்று நாள் ஓவியம். அடுத்த மூன்று நாள், பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, தாங்கள் கண்டதையும் இழந்ததையும் தாங்களே சொல்லும் அமர்வுகள். அதன்பின் சமாதானம் பற்றிய நாடகமும் பாடல்களும். இறுதி நாளில் ஒரு சமாதான உறுதிமொழி. ஓவியங்களையும் நாங்கள் எடுக்கும் புகைப்படங்களையும் கொண்டு வந்து கண்காட்சி வைத்து, அதில் சேரும் பணத்தை முகாமுக்கே அனுப்ப எண்ணியிருக்கிறோம். வர விரும்புவோர் எங்களிடம் நிறையப் பேர். அனுபவம் உள்ளவர்தான் எவரும் இல்லை. இதில் எதைச் சேர்க்கலாம், எதை மாற்றலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்போம்.

மட்டுறுத்துநர்:

தலைப்பு நல்லது, பேசுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: பிள்ளைகளின் பெயர், முகாமின் பெயர், அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவும் இங்கே எழுதப்பட வேண்டாம். தங்கள் அனுபவத்தைச் சொல்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பழைய சிலேட்டு:

கரைநாணல், உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை, திட்டத்தில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். முகாம் பள்ளி ஒன்றில், தார்ப்பாய்க் கூரையின் கீழ், மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பாடம் நடத்தியவன். அந்தக் காலத்தில் எங்களிடம் வந்துபோன குழுக்கள் எத்தனை என்று நான் எண்ணி வைக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் வந்து இறங்கும்போது பிள்ளைகள் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். விடைபெறும் நாளில் வந்தவர்களும் அழுவார்கள், பிள்ளைகளும் அழுவார்கள். மறுநாள் காலை என் முன்னால் வந்து உட்காரும் முகங்களை அந்தக் குழுக்களில் எவரும் பார்த்ததில்லை. வீட்டையும் உறவையும் பறிகொடுத்த பிள்ளைக்கு, நெருங்கிப் பழகிய ஒருவர் பத்தே நாளில் மறைந்து போவது மேலும் ஓர் இழப்பு. நான்கைந்து குழுக்கள் வந்து போன பிறகு, எங்கள் பெரிய பிள்ளைகள் புதியவர்களைக் கண்டதும் முதலில் கேட்டது, “நீங்கள் எப்போது போவீர்கள்?” என்பதையே.

அப்படியானால் பிள்ளைகள் எதனால் தேறினார்கள் என்று கேட்பீர்கள். நான் கண்டவை மிகச் சாதாரணமானவை: குறித்த நேரத்தில் தவறாமல் அடிக்கும் மணி, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும் பாடம், தினமும் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது. ஒரு சிறுவன் எங்களிடம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவான். ஒரு நாள் என் கவனக்குறைவால் அவன் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். “நான் இருக்கிறேன்” என்று அவன் உரக்கச் சொன்னான். அவன் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இதை ஒரு உத்தியாக எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; தவறுதலாக நடந்தது அது. ஆனால் அறுபது நாள் விடாமல் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்காவிட்டால், விடுபட்டதை அவன் கவனித்திருக்கவே மாட்டான்.

1999-இல் கொசோவோவிலிருந்து மக்கள் அல்பேனியாவுக்குள் பெருந்திரளாக வந்து சேர்ந்தபோது, முகாமுக்குள்ளேயே பிள்ளைகளுக்கென ஓர் இடத்தை ஒதுக்கி, விளையாட்டையும் படிப்பையும் தாய்மாருக்கான உதவியையும் அங்கே ஒன்றாக நடத்தும் முறை பரவலானது. இன்று உலகின் பல அகதி முகாம்களில் அத்தகைய இடம் ஒன்றைக் காணலாம். நீங்கள் போகவிருக்கும் முகாமிலும் இருக்கக்கூடும். முதலில் அங்கே யார் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டீர்களா?

மஞ்சள் குடை:

ஆசிரியர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். உளவளத்துணைப் பணியில் இருப்பவள் என்ற முறையில், உங்கள் திட்டத்தின் நான்காம், ஐந்தாம், ஆறாம் நாள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மனத்தில் அடைத்து வைத்ததை வெளியே கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தானாக விரும்பி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், தனக்கு உகந்த வேளையில் சொல்லும்போது அது உண்மையாகவும் இருக்கலாம். அட்டவணை போட்டு, அந்நியர் முன்னிலையில், ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது வேறு செயல். பேரிடருக்குப் பிந்திய அத்தகைய ஒற்றை அமர்வுகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அவை பலன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கின்றன. வட்டமாக உட்காரும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: தந்தை காணாமற்போன ஏழு வயதுப் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை கண்ணால் கண்டதையும் அன்று கேட்டுத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு தூங்கப் போகும்.

2011-இல் அந்நிறுவனம் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் சாரம் மூன்று சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. யாருக்கு உடனடித் தேவை இருக்கிறது என்று பாருங்கள். பேச விரும்புபவர் சொல்வதைக் கேளுங்கள், துருவாதீர்கள். உதவி கிடைக்கும் இடத்தோடும் அவரவர் குடும்பத்தோடும் இணைத்து விடுங்கள். மூன்றாவதுதான் தன்னார்வலர்கள் பெரும்பாலும் மறப்பது. இரவில் அலறி எழும் பிள்ளையையும், பழைய வயதுக்குத் திரும்பியதுபோல் படுக்கையை நனைக்கும் பிள்ளையையும், ஒரே விளையாட்டை மகிழ்ச்சியின்றித் திரும்பத் திரும்ப ஆடும் பிள்ளையையும் நீங்கள் அங்கே காண்பீர்கள். பாதுகாப்பும் உறவும் ஒழுங்கான நாளும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் காலப்போக்கில் தேறிவிடுவார்கள். அவர்களை நோயாளிகளாக எண்ண வேண்டியதில்லை. தேறாதவர்களுக்குப் பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும். அந்தப் பயிற்சி பெற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்று அறியாமல் பிள்ளைகளின் மனவடுவைத் தொட வேண்டாம்.

ஒரு பழைய செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்காமும் குழந்தைகளுக்கான போர்க்காலக் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சைத் தாயின் அருகில் இருந்து அனுபவித்த குழந்தைகளைவிட, பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளே அதிகம் கலங்கியதை அவர்கள் கண்டார்கள். பணியாளர் எல்லாருமாக எல்லாக் குழந்தைகளையும் கவனித்த முறையை மாற்றி, நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரே ஒருவர் என்று சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்தார்கள். முதலில் பொறாமையும் அழுகையும் பெருகின. பிறகு பேச்சும் பழக்கங்களும் வேகமாக வளர்ந்தன. உங்கள் 14 பேரும் எல்லாப் பிள்ளைகளோடும் ஆடிப் பாடுவதைவிட, ஒரு பிள்ளைக்கு நிலையான ஒரே ஒரு பெரியவர் கிடைப்பது மேல் என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள்.

நடுநிசி வாசகன்:

நான் மாறுபடுகிறேன். “கேட்காதே, துருவாதே” என்று சொல்லிச் சொல்லியே எத்தனை கொடுமைகள் மண்ணுக்குள் போயின? பிள்ளைகள் பேசக் கூடாதென்றால் யாருக்கு வசதி? செய்தவர்களுக்கு வசதி. பிள்ளைகளின் வாய்மொழி வெளியே வந்த பிறகே, 15 வயதுக்குட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம் என்று, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998-இன் ரோம் சட்டத்தில் எழுதப்பட்டது. அந்த நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பே, காங்கோ ஜனநாயகக் குடியரசில் பிள்ளைகளைப் போராளிகளாக்கிய தோமாஸ் லுபாங்காவுக்கு எதிரானது. சாட்சியம் இல்லாமல் நீதி எங்கிருந்து வரும்? மென்மையான அக்கறை என்ற பெயரில் மௌனத்தைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மஞ்சள் குடை:

நீங்கள் குறிப்பிட்ட அதே வழக்கைத்தான் நானும் சொல்லவிருந்தேன், நண்பரே. 2009 சனவரியில் அந்த விசாரணையில் முதலில் வந்த சாட்சி ஒரு முன்னாள் சிறார் போராளி. குற்றஞ்சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் கண்டபின், தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்ட பின்னரே மீண்டும் வந்து பேசினார். அதைவிட முக்கியமானது 2012-இல் வந்த தீர்ப்பு. சாட்சிகளைத் தேடித் தந்த உள்ளூர் இடைத்தரகர்களிடம் புலனாய்வை ஒப்படைத்திருக்கக் கூடாது என்று நீதிபதிகள் கடிந்துகொண்டதோடு, சிறார் போராளிகளாக முன்வந்த பலரின் வாக்குமூலங்களை ஏற்க மறுத்தார்கள். லுபாங்காவுக்கு 14 ஆண்டுச் சிறை கிடைத்ததற்கு, சிறார் வீரர்கள் தெரியும் காணொளிகளும் மற்றச் சாட்சியங்களும் துணை நின்றன. பயிற்சி இல்லாதவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்டு, எழுதி, திரும்பக் கேட்டுக் குழப்பிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. நீதி வேண்டும் என்பவர்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தானாக உங்களிடம் ஒன்றைச் சொன்னால், சொன்ன சொற்களிலேயே குறித்து, பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம்.

நடுநிசி வாசகன்:

இடைத்தரகர் செய்தி எனக்குப் புதிது. இந்த ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் முற்றிலும் சமாதானமாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். ஆவணப்படுத்தும் வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

இரண்டாம் மணி:

இத்தனை நாளாக இம்மன்றத்தைப் படித்து வந்தாலும் எழுதுவது இதுவே முதல் முறை. நான் அந்தப் பிள்ளைகளில் ஒருவனாக இருந்தவன். எந்த நாடு, எந்தப் போர் என்று சொல்ல விரும்பவில்லை.

எங்கள் முகாமுக்கும் ஓவியம் வரைய வைக்க ஒரு குழு வந்தது. நான் எங்கள் பசுமாட்டை வரைந்தேன். வீட்டை விட்டு ஓடி வரும்போது அதை அவிழ்த்துவிட்டோமா, கட்டியபடியே விட்டுவிட்டோமா என்பது அப்போது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. என் பக்கத்தில் குனிந்த அக்கா மிகவும் அன்பாக, “உனக்கு நடந்ததை வரையலாமே” என்றார். எனக்கு நடந்தது அதுதான் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த வரிசையில் ஒருவன் விமானமும் தீயும் வரைந்திருந்தான். எல்லாரும் அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள், அவனுக்கு இனிப்பும் கிடைத்தது. மறுநாள் நாங்கள் அத்தனை பேரும் விமானம் வரைந்தோம். விமானத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் வரைந்தார்கள். அந்த ஓவியங்கள் எங்கோ ஒரு கண்காட்சியில் தொங்கியிருக்கும், பார்த்தவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். அந்தக் குழுவை நான் பழிக்கவில்லை. சிவப்பும் கறுப்பும் மட்டும் தீர்ந்துபோன வண்ணப் பெட்டிகளை அவர்கள் எங்களுக்கே விட்டுச் சென்றார்கள்; பச்சை நெடுநாள் இருந்தது.

கரைநாணல்:

இரண்டாம் மணி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் எவரும் பேசவில்லை. கதை சொல்லும் அமர்வுகளைக் கைவிடுவதென்று முடிவெடுத்துவிட்டோம். புகைப்படம் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. படம் இல்லாமல் பணம் திரட்டுவது கடினம் என்கிறார்கள் சிலர். அதில் உண்மை இல்லையா?

நீலக்கோடு:

உண்மை இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. முதலாம் உலகப் போர் முடிந்தபின்னும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்ததால், தோற்ற நாடுகளின் குழந்தைகள் பட்டினியில் வாடினார்கள். 1919-இல் இக்லண்டைன் ஜெப் என்ற பெண்மணி, மெலிந்து சூம்பிய ஆஸ்திரியக் குழந்தையின் படம் அச்சிட்ட துண்டறிக்கையை இலண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் விநியோகித்து, முன் அனுமதி பெறாததற்காகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவருக்கு எதிராக வாதிட்ட அரசு வழக்கறிஞரே அந்தத் தொகையை அவரிடம் கொடுத்தார். ஜெப்பும் அவருடைய சகோதரி டோரத்தி பக்ஸ்டனும் அவ்வாண்டே ‘சேவ் த சில்ட்ரன்’ நிதியைத் தொடங்கினார்கள். ஜெப் வரைந்த ஐந்து வரிப் பிரகடனத்தை 1924-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கம் ஏற்றது. இடர் வந்தால் முதலில் உதவி பெற வேண்டியவர் குழந்தையே என்பது அதில் ஒரு வரி. 1989-இல் ஐ.நா. ஏற்ற சிறுவர் உரிமைகள் உடன்படிக்கைக்கு வித்து அதுதான். ஒரு படத்தின் வலிமையை மறுப்பவர் எவரும் இல்லை.

ஆனால் அந்த 1919-ஆம் ஆண்டுப் படம் காகிதத் துண்டறிக்கையில் கைக்குக் கை போனது. இன்று இணையத்தில் ஏறும் முகம் அழியாது. பத்து வயதில் அழுத முகத்தை இருபது வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எவரேனும் தேடி எடுக்கலாம். அதைவிட, போரிட்ட தரப்புகளில் ஒன்று எடுக்கலாம். பெற்றோரின் சம்மதம் வாங்கிவிட்டோம் என்பதும் போதாது: நிவாரணப் பொருளைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும்போது மறுக்க முகாமில் யாருக்குத் துணிவு வரும்? கைகளைப் படம் எடுங்கள், கூரையை எடுங்கள், எழுதிய சிலேட்டை எடுங்கள். இவற்றுக்குப் பணம் குறைவாகத்தான் வரும். குறைந்துவிட்டுப் போகட்டும்.

திசைமானி:

எல்லாரும் முறைகளைப் பற்றியே பேசுகிறீர்கள்; ஒருவரும் அந்த உறுதிமொழியைத் தொடவில்லை. “நான் போர் செய்ய மாட்டேன்” என்று பிள்ளையிடம் எதற்காக உறுதிமொழி வாங்குகிறீர்கள்? போரைத் தொடங்கியது அவனா? உறுதிமொழி எடுக்க வேண்டியவர்கள் வேறு மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயுதம் விற்பவரையும் உத்தரவிட்டவரையும் விட்டுவிட்டு, கூரையிழந்த பிள்ளைக்குச் சமாதானப் பாட்டு சொல்லிக் கொடுப்பது, அடிபட்டவனைப் பொறுமையாக இரு என்று அறிவுறுத்துவதற்கு ஒப்பாகும். என் கருத்தில், பிள்ளைகளுக்கு உதவுங்கள். சமாதானப் பரப்புரையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

நீலக்கோடு:

உறுதிமொழி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் சமாதானத்தில் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை என்று முடித்துவிட வேண்டாம், திசைமானி. கொலம்பியாவை எண்ணிப் பாருங்கள். 1996 அக்டோபரில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, தங்கள் உரிமைகளில் எது முதன்மையானது என்று பிள்ளைகளே வாக்களிக்கும் ஒரு தேர்தல் அங்கே நடந்தது. ஏறக்குறைய 27 லட்சம் பிள்ளைகள் வாக்களித்தார்கள். உயிர் வாழும் உரிமையும் சமாதானமுமே மேலோங்கின. யுனிசெஃப்பும் பிற அமைப்புகளும் துணை நின்றாலும், ஊர் ஊராக அதைக் கொண்டு சென்றவர்கள் பிள்ளைகளும் உள்ளூர்த் தன்னார்வலர்களுமே. மறு ஆண்டு, சமாதானத்துக்கு ஆதரவாகப் பெரியவர்கள் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வாக்களிக்க அது வழிவிட்டது. போர் உடனே நிற்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். எவரும் அந்தப் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கவில்லை. அவர்கள்தான் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டார்கள்.

எல் சால்வடாரில் 1985-இல் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. அரசும் போராளிகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அந்த நாள்களில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. திருச்சபை இடையில் நின்றது. பின்னர் வேறு பல நாடுகளிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. நம் மொழி பேசும் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். அது ஒரு வார நிகழ்ச்சி அன்று. ஆண்டுக்கணக்கில் திறந்திருந்த தோட்டம்.

திசைமானி:

தோட்டத்துக்கு நான் எதிரியல்லன். இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒரு கோடை முகாமில் சேர்த்து, கட்டிப்பிடிக்க வைத்து, படமெடுத்து அனுப்பிவிடும் வழக்கத்துக்குத்தான் எதிரி. திரும்பிப் போன பிள்ளை இறங்குவது அதே சோதனைச் சாவடியில். முகாமில் கிடைத்த நட்பு அங்கே எத்தனை நாள் தாங்கும்?

பழைய சிலேட்டு:

தாங்காது. ஆசிரியனாக நான் கண்டதும் அதுவே. தரப்புகளுக்கிடையிலான தொடர்பு முன்முடிவுகளைக் குறைக்க வேண்டுமானால், இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான வேலை வேண்டும், போட்டி கூடாது, மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இந்த நான்கையும் ஒரு வாரக் கூடாரம் தராது, பள்ளிக்கூடம் தரக்கூடும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரொட்டஸ்டண்ட் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்து வந்தபோது, பெற்றோர் சிலர் அரசின் உதவிக்குக் காத்திராமல் 1981-இல் பெல்ஃபாஸ்டில் லேகன் கல்லூரி என்ற கூட்டுப் பள்ளியைத் திறந்தார்கள். முதல் ஆண்டில் 28 மாணவர்கள். வன்முறை தொடர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது. அவர்களைப் பார்த்து வேறு பள்ளிகள் எழுந்தன. ஆனாலும் அத்தகைய பள்ளிகளில் படிப்போர் இன்றும் அங்கே சிறுபான்மையினரே. நாற்பது ஆண்டுகள் உழைத்தும் அவ்வளவுதானா என்று ஏங்குவதா, அந்த 28 பேரும் தினமும் காலையில் பேருந்து ஏறிப் போனார்களே என்று வியப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெற்றோர் செய்ததைத்தான் அடித்தளத் தன்னார்வப் பணி என்று நான் சொல்வேன்.

வேலிப்படல்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 6 முதல் 14 வயது என்று கரைநாணல் எழுதியதைக் கண்டு இதைச் சொல்லத் தோன்றியது. மேல் வயதுப் பிள்ளைகளில் ஆயுதக் குழுக்களிலிருந்து மீண்டவர்களும் இருக்கக்கூடும். அவர்களைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டாதீர்கள். இத்தகைய பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்ட 2007-இன் பாரிஸ் கோட்பாடுகள், அவர்களை முதன்மையாகப் பாதிக்கப்பட்டவர்களாகவே கருத வேண்டும் என்கின்றன. துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமின்றி, சமைக்கவும் சுமக்கவும் தூது போகவும் பயன்படுத்தப்பட்டவர்களும் அதில் அடங்குவார்கள். பெண்பிள்ளைகள் இந்தக் கணக்கில் வராமலே மறைந்து போவது வழக்கம், ஏனெனில் அவர்களுக்கு நேர்ந்ததை வீட்டார் வெளியே சொல்ல அஞ்சுகிறார்கள். மொசாம்பிக்கில் 1980-களின் இறுதியில் மீட்கப்பட்ட 39 சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பெரும்பாலோர் குடும்பமும் தொழிலும் உள்ள மனிதர்களாகத் தலையெடுத்தார்கள். ஊர் அவர்களை வரவேற்றுத் தன் சடங்குகளைச் செய்து சேர்த்துக்கொண்டது அதில் பெரும் பங்கு வகித்தது. ஆகவே பிள்ளையிடம் செய்யும் பணியில் பாதியை ஊரிடம் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யாரேனும் உங்களை ‘அனாதை இல்லம்’ ஒன்றுக்கு அழைத்துப் போனால் எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது உலகெங்கும் கண்ட உண்மை. விருந்தினர் வருகையும் நன்கொடையும் கூடக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு வந்து நிரப்பும் இல்லங்களும் உண்டு. உறவினரைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்து வைப்பவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுங்கள். அது படத்தில் அழகாகத் தெரியாது.

இரண்டாம் மணி:

மொழியைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பின்லாந்திலிருந்து சுமார் 70,000 பிள்ளைகள் சுவீடனுக்கும் அண்டை நாடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். நல்ல வீடுகள், நல்ல உணவு, குண்டுச் சத்தம் இல்லாத இரவுகள். திரும்பி வந்த சிறு பிள்ளைகள் பலர் பின்லாந்து மொழியை மறந்திருந்தார்கள். பெற்ற தாயோடு பேச அவர்களுக்குச் சொல் இல்லை. நீங்கள் முகாமுக்குப் பாட்டுப் புத்தகம் கொண்டு போவதானால், அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பாடும் பாட்டுகளை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் முகாமில் பிற மொழியில் சமாதானப் பாட்டு ஒன்றைக் கற்றுத் தந்தார்கள். இன்றும் அது எனக்கு முழுதாகத் தெரியும், பொருள் மட்டும் தெரியாது.

கரைநாணல்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. முகாமில் பணிபுரியும் ஆசிரியை ஒருவரோடு தொலைபேசியில் மூன்று முறை பேசினோம். உங்களுக்கு என்ன தேவை என்று நாங்கள் கேட்டபோது, இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு பட்டியல் சொன்னார். சமாதான நாடகம் அதில் இல்லை. மாலை வேளைகளில் சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள முகாமிலேயே இரண்டு இளம்பெண்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவித்தொகைதான் இல்லை என்றார். வெடிக்காத குண்டுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்கும் படங்கள் கிழிந்துவிட்டன, புதியவை வேண்டும் என்றார். அந்தப் பகுதியில் விளையாட்டுப் பொருள் போலக் கிடப்பதைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்களாம். மழை வந்தால் வகுப்பின் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது என்பது கடைசியாக வந்தது.

எனவே திட்டம் மாறிவிட்டது. 14 பேரின் பயணச் செலவுக்காகச் சேர்த்த பணத்தில், அந்த இரு பெண்களுக்கும் ஓராண்டுக்கான உதவித்தொகையை முகாமின் பெற்றோர் குழு வழியாகக் கொடுக்கவிருக்கிறோம். எங்களில் இருவர் மட்டும், ஒருவர் தச்சு வேலை தெரிந்தவர், போய்க் கூரையைச் சரி செய்வார்கள். அவர்கள் வகுப்பு எதுவும் எடுக்க மாட்டார்கள். படங்கள் அந்த ஆசிரியை சொன்னபடி, அந்தப் பிள்ளைகளின் மொழியில், கண்ணிவெடி அகற்றும் பணியில் இருப்பவர்கள் சரிபார்த்த பின்னரே அச்சாகும். உறுதிமொழி இல்லை. முகங்கள் தெரியும் புகைப்படம் இல்லை. திசைமானி சொன்ன ‘வேறு மேசைகள்’ பற்றி யோசித்து, பள்ளிகளைத் தாக்குவதையும் படைமுகாமாக்குவதையும் தவிர்க்கக் கோரும் 2015-இன் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை விளக்கி, எங்கள் மக்கள் பிரதிநிதிகளுக்கு எழுதுவதைக் குழுவில் எஞ்சியவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான்கு பேர் விலகிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பார்க்காமல் பணம் மட்டும் அனுப்ப எதற்கு ஒரு குழு என்பது அவர்கள் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கும் போகத்தான் ஆசையாக இருந்தது.

திசைமானி:

இந்தத் திட்டத்தோடு நான் சண்டையிட மாட்டேன். ஓராண்டு முடிந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன், பதினோராம் மாதத்தில் வந்து கேட்பேன்.

மஞ்சள் குடை:

அந்த இரு பெண்களுக்கு மாதம் ஒருமுறை தொலைபேசியில் துணை நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். நாள் முழுக்கப் பிறர் துயரைக் கேட்பவர்களுக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டும். அவர்கள் விரும்பினால் மட்டும் எண்ணைக் கொடுங்கள்.

இரண்டாம் மணி:

கூரை வேலைக்குப் போகும் இருவரும் பந்து கொண்டு போவார்களானால், காற்றடிக்கும் பம்பையும் ஊசியையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஊசி இரண்டாக இருக்கட்டும், ஒன்று உடைந்துவிடும். எங்களிடம் மூன்று பந்துகள் இருந்தன. மூன்றிலும் காற்று இல்லை.